இஞ்சினியரம்மா வைத்த பின்வாசல்

சங்கரன்கோவில் சர்ச் தெருவில் ஒரு வீட்டில் மிக்சி ஓடினால், அது தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்று எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தெருவுக்கு, சென்னையில் பல வருஷம் இருந்துவிட்டு, புருஷனையும் வேலையையும் ஏறக்குறைய ஒரே மூச்சில் விட்டுவிட்டு, இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கினாள் ரெபேக்காள். தெரு சும்மா இருக்குமா? புருஷன் குடிப்பான் என்றது ஒரு கட்சி. இவளுக்கு வாய் நீளம் என்றது இன்னொரு கட்சி. நேரில் கேட்டவர்களிடம் அவள், "ரெண்டும் இல்ல, அங்க தண்ணி சரியில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றோடு இரண்டு கட்சியும் டெபாசிட் இழந்தன.

சிரிப்பு வராதவர் அவள் அம்மா கனகமணி டீச்சர்தான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரின் காதைத் திருகி ஆனா ஆவன்னா ஏற்றியவர். அவருக்கே மகளின் 'ஆர்க்கிடெக்ட்' வேலையை யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. "இஞ்சினியர் மாதிரிதான், ஆனா படம் வரைவா" என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது சொல்வார். "எங்கன கட்டியிருக்கா?" என்று அடுத்த கேள்வி வரும். அப்போது டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ரெபேக்காள் சென்னையில் வரைந்ததெல்லாம் கம்பெனி பெயரில் நிற்கிறது. அவள் பெயரில் ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது. முப்பத்தாறு வயதில் அது அவளுக்கும் உறுத்தாமல் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் நஜ்முதீன் பாய். லுங்கியும் துண்டும் நெய்கிற விசைத்தறிப் பட்டறை வைத்திருப்பவர். ரெபேக்காளின் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குச் சாயங்காலக் கூட்டாளி. கரிவலம்வந்தநல்லூர் தாண்டி, ராயகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் புங்கங்குளம் என்ற சிற்றூரை ஒட்டி அவருக்கு ஒரு நிலம் உண்டு. தென்னை வைத்துப் பார்த்தார். யானை வந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போயிற்று. வாழை வைத்தார், பன்றி வந்தது. போன வருஷம் மகன் ஷாஜித்தோடு கென்யா போய்வந்ததும் பாய்க்கு ஞானம் பிறந்தது.

"வாரதெல்லாம் வரட்டும். வாரத பாக்கதுக்கு டிக்கெட் போட்டிருவோம்" என்றார். சஃபாரி லாட்ஜ்!

தன் யோசனையை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவரே வரைந்து எடுத்து வந்திருந்தார்.

"வாசல்ல பெருசா ஒரு ஒட்டகச்சிவிங்கி, சிமெண்டுல. மெயின் ரோட்ல இருந்தே கழுத்து தெரியணும் ரெபேக்கா."

"நம்ம மலையில ஒட்டகச்சிவிங்கி ஏது மாமா?"

"வாரவனுக்கு அது தெரியவா போவுது?"

"அங்க உள்ள மிளா மானுக்குத் தெரியுமே."

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் குறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு நீச்சல் குளம் வற்றியது. அறைச் சுவரில் அடிப்பதாக இருந்த புலி வரி அழிந்தது. மிஞ்சிய இடத்தில் ரெபேக்காள் தன் திட்டத்தை நுழைத்தாள். தோண்டுகிற மண்ணையே அறுத்துக் காயவைத்துக் கட்டுகிற எட்டுச் சிறு வீடுகள், மேலே நாட்டு ஓடு. யானை இறங்குகிற ஓடைப்பக்கம் சுற்றுச்சுவரே கிடையாது. அது போகிற பாதை அதற்கு. கண்ணைக் குத்தாத விளக்கு. ஜீப்பைக் காட்டுக்குள் விட்டு மிருகத்தைத் துரத்துகிற வேலை இல்லை. ஓடைக்கரையில் மேடை போட்டு, வருவதை இருந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டியது. இதற்கெல்லாம் நடு ஆணி ஒன்று உண்டு. சமையல், தோட்டம், வழிகாட்டுவது எல்லாமே புங்கங்குளத்து ஆட்கள்தான். அடுக்களையை அந்த ஊர் மகளிர் குழு நடத்தும். லாபத்தில் அவர்களுக்குப் பங்கு.

பாய் தாடியைத் தடவிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். "ஊர்க்காரங்க வந்தா உன் ப்ளான். வரலன்னா, ஊட்டில எனக்கு ஒரு மேனேஜரத் தெரியும். அவன் ஆளோட வருவான். அப்புறம் என் ப்ளான்தான்."

"வருவாங்க மாமா" என்றாள் ரெபேக்காள். அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. மகளிர் குழுத் தலைவி பேச்சி இரண்டு தடவை தலையாட்டியிருந்தாள். புங்கங்குளத்தில் பேச்சி தலையாட்டினால் ஊரே ஆட்டியது மாதிரி.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் நாள் வந்தது. கொத்தனார் நல்லகண்ணு ராகுகாலம் போகட்டும் என்றார். பாய் மத்தியான லுகர் தொழுகைக்குள் முடிய வேண்டும் என்றார். துணைக்கு வந்திருந்த கனகமணி டீச்சர், ஜெபத்துக்கு நேரம் காலம் கிடையாது, ஆனால் வெயிலுக்கு உண்டு என்றார். ஆக மூன்று மதத்துக்கும் பொதுவாக ஒரு நேரம் குறித்தார்கள். பாய் துஆ ஓதினார். டீச்சர் ஜெபம் செய்தார். கொஞ்சம் நீளமாகத்தான் செய்தார். அடுத்தது பால் ஊற்றுவது. சனி மூலையில் ஊர்ச் சுமங்கலிகள் பால் ஊற்றிய பிறகுதான் நல்லகண்ணு மம்பட்டியை எடுப்பார். பேச்சியும் குழுப் பெண்களும் தலைகுளித்து, பட்டுப்போன்ற ஏதோ ஒன்றை உடுத்தி, செம்பில் பாலோடு வந்து நின்றார்கள்.

தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டிடம் முழுவதும் படமாகக் கிடந்தது. பேச்சி கோட்டை மிதிக்காமல் சுற்றிப் பார்த்தாள். வளைந்து அகன்று கிடந்த இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இஞ்சினியரம்மா, இது என்னது, வாயைப் பொளந்த மாதிரி?"

"அதான் முன்வாசல். கார் இதுல வந்து நிக்கும். தங்க வாரவங்க இப்படி உள்ள வருவாங்க."

"சரி. நாங்க?"

ரெபேக்காள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள். படம் வரைந்த நாளில் அவள் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு இடத்தில்தான். சமைக்க வருகிற பெண்கள் வெயிலில் நிலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டாமே, வீட்டில் பிள்ளை அழுதால் ஓடிப்போய்ப் பார்க்கலாமே என்று யோசித்து யோசித்து வைத்திருந்தாள்.

"உங்களுக்குன்னே தனியா ஒன்னு வச்சிருக்கேன் பேச்சியக்கா! இங்க வாங்க. பின்னால. உங்க தெரு முடியுத இடத்துக்கு நேரா வாசல். நேரா அடுக்களைக்குள்ள வந்திரலாம். கால் கழுவிட்டு வாரதுக்குக் குழாய்கூட வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

பேச்சி மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். "அப்படியா தாயி" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செம்பின் வாயை மூடினாள்.

"ஒரு வேலை மறந்தே போச்சு பாத்துக்கிடுங்க. வீட்ல ஆடு சினையா நிக்கி. இன்னைக்கா நாளைக்கான்னு இருக்கு."

"ரேஷன்ல பாமாயில் போடுதாவளாம்" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாவது பெண்ணுக்குச் சட்டென்று ஒன்றும் கிடைக்கவில்லை. "எனக்கும் அதான்" என்றாள். ஆடா, பாமாயிலா என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்த பாலைக் கொண்டுவந்தபடியே எடுத்துக்கொண்டு, வரிசையாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் போனார்கள்.

நல்லகண்ணு மம்பட்டியை மண்ணில் சாய்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். "பால் திரும்பிப் போன மூலையில நான் வெட்ட மாட்டேன் முதலாளி. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு."

ரெபேக்காளின் ஸ்கூட்டர் கரிவலம் தாண்டுவதற்குள் செய்தி சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் பால் திரிந்துவிட்டது என்றார்கள். பூ மார்க்கெட் வரும்போது செம்பே உருண்டுவிட்டது. சர்ச் தெருவை அடைந்தபோது பாலில் ரத்தம் கலந்திருந்தது. டீச்சரிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி நாலு பேர் வந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் பாய் வந்தார்.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாதும்மா. ஆனா கொத்தனாருக்கு இருக்கு, மணல் லாரிக்காரனுக்கு இருக்கு, ஓடு தாரவனுக்கு இருக்கு. அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்தப் பொம்பளைக வரலன்னா ஊட்டிக்குப் போன் போட்டிருவேன்."

அவர் கண்ணில் ஒட்டகச்சிவிங்கி மறுபடியும் கழுத்தை நீட்டுவது ரெபேக்காளுக்குத் தெரிந்தது.

மறுநாளே புங்கங்குளம் போனாள். பேச்சி வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சினையாடு என்று சொல்லப்பட்ட ஆடு கிடாயாக இருந்தது.

"என்ன கோவம் பேச்சியக்கா? நான் என்ன தப்பு பண்ணினேன்? சொன்னாத்தான தெரியும்?"

"கோவமா? எங்களுக்கு என்ன தாயி கோவம்? அதெல்லாம் கார் வச்சிருக்கவங்களுக்கு. மோர் குடிக்கேளா?"

மோர் வந்தது. நல்ல மோர். காரணம்தான் வரவில்லை. சம்பளம் குறைவா என்று கேட்டாள், இல்லை. பங்கு போதாதா, போதும். யானை பயமா, பேச்சி சிரித்தேவிட்டாள். ரெபேக்காள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, ஒரு லாரியின் பின்னால் நூலிழையில் பிரேக் போட்டாள்.

அடுத்த நாள் காலை சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்துப் போட்டுக்கொண்டு, எங்கே தவறினோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கச் சந்துக் கதவு திறந்தது. பாத்திரம் தேய்க்க வருகிற முத்துமாரி. செருப்பைச் சந்திலேயே விட்டாள். முற்றத்துக் குழாயைத் திறந்து காலைக் கழுவினாள். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த அவளுக்கான டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஆணியிலேயே மாட்டினாள்.

ரெபேக்காள் நிமிர்ந்து பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சிதான். வேறு வேறு முத்துமாரிகள், அதே சந்து, அதே குழாய். சர்ச் தெருவில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு சந்து உண்டு. ஜெபக்கூட்டம் என்றால் எல்லோரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்காருவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஜமுக்காளம் வேறு, சந்து வேறு. மேசையில் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். பின்வாசல். குழாய். நேரே அடுக்களை. வீட்டை அப்படியே அச்செடுத்து மலையடிவாரத்தில் வைத்திருக்கிறாள், பெருமையாக.

"முத்துமாரிக்கா" என்றாள். "இனிமே நீங்க முன்வாசல் வழியா வாங்க."

முத்துமாரி திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு?"

"சும்மாதான். வாங்க."

"நல்லா இருக்கே கதை! முன்னால வந்தா நான் எப்ப வாரேன், எப்ப போறேன்னுல்லாம் தெருவே வாச் பண்ணும். பின்னாலன்னா லேட்டா வந்தாலும் டீச்சருக்குத் தெரியாது. எனக்கு இதான் சௌரியம்."

ரெபேக்காளுக்கு உயிர் வந்தது. அப்படியானால் தப்பில்லையோ? முத்துமாரி சாம்பார்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த வீட்டுச் சங்கதி பேசுகிற தொனியில் சொன்னாள்:

"எனக்குச் சரி. எம்மவள மட்டும் இந்த வழியா கூட்டியார மாட்டேன். நர்சிங் படிக்கால்லா. போன கிறிஸ்மஸுக்கு வந்தவ, தெருவுல நின்னே கேக்கை வாங்கிட்டுப் போயிட்டா. இங்கன ஒரு தடவ பழகிட்டான்னா, போற ஆஸ்பத்திரில எல்லாம் பின்வாசல் எங்கன இருக்குன்னு தேடுவா." சட்டியைக் கவிழ்த்தாள். "இந்த சோப்பு நுரையே வர மாட்டேங்கு. டீச்சர் எந்தக் கடையில வாங்குதாவ?"

ரெபேக்காள் மேசையில் கிடந்த தாளைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினாள். ஊர் மேலே வந்தது, மெயின் ரோடு கீழே போயிற்று. அப்படியே வரைய ஆரம்பித்தவள் மத்தியானச் சோற்றுக்கும் எழவில்லை. ஒரே வாசல். ஊரைப் பார்த்து. தங்க வருகிறவர்கள் புங்கங்குளம் டீக்கடைப் பக்கம் காரை விட்டுவிட்டு, ஊர்த்தெரு வழியே நடந்து வந்து, பேச்சி நுழைகிற அதே வாசலில் நுழைய வேண்டும். நடந்து வருகிறவன் டீக்கடையில் ஒரு டீ குடிப்பான். ஒரு வீட்டில் வத்தல் வாங்குவான். காசும் தெருவோடு வரும். மெயின் ரோட்டுப் பக்கம் கார் ரஸ்தா போட வைத்திருந்த நிலம் மரத்துக்கு மிஞ்சும். தப்பைத் திருத்தப் போய்ப் படமே முன்னைவிட அழகாகிவிட்டது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

தன் வீட்டில் படத்தைப் பார்த்த பாய் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, பெரிய பெரிய கார்ல வாரவன், ஆட்டுப்புழுக்கைய மிதிச்சிக்கிட்டு என் லாட்ஜுக்கு வரணுமா? என் வாசல் ரோட்ட பாத்துத்தான் இருக்கணும்!"

"ஆட்டைப் பாக்கவும்தான் மாமா வாராங்க."

"ஆடு பாக்கவா டிக்கெட் போடுதோம்?"

அடுக்களையிலிருந்து பாயின் மனைவி அப்ரீன் பானுவின் குரல் வந்தது. ஆள் வரவில்லை, குரல் மட்டும். "கென்யா போயிட்டு வந்து என்னத்தச் சொன்னிய நீங்க? சிங்கம் தூங்கிட்டு இருந்துச்சுன்னிய. அந்த ஊருக்குள்ள நடந்து போனதையும், ஒரு கிழவி டீ போட்டுத் தந்ததையும், சீனி கேட்டதுக்கு அவ சிரிச்சதையும்தான வாரவங்ககிட்டலாம் சொல்லுதிய? எனக்கே மனப்பாடம் ஆயிட்டு."

பாய் உட்கார்ந்தார். தாடியைத் தடவினார். உள்ளே பார்த்து, "நீ பிரியாணிய கவனி" என்றார். ரெபேக்காளிடம், "அந்தப் பொம்பளைக வந்தா சரி. வரலன்னா பழைய பேச்சுதான்" என்றார். பாய் தோற்றால் அப்படித்தான் தோற்பார்.

புங்கங்குளத்தில் பேச்சி படத்தை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல எங்க வாசல் எது?"

"ஒரே வாசல்தான்."

"வாரவங்களுக்கு?"

"அவங்களுக்கும் அதான். உங்க தெரு வழியா நடந்து வருவாங்க."

இதோ பேச்சியின் முகம் மலரப்போகிறது என்று ரெபேக்காள் காத்திருந்தாள். மலரவில்லை.

"எங்க தெரு வழியாவா? யாத்தே! நாங்க குத்தவச்சிப் பல்லு விளக்குவோம், பிள்ளைக்கு எண்ணெய் தேச்சி விடுவோம். கண்டவனும் கேமராவோட வந்து, நாங்களும் மிளாவும் ஒன்னுன்னு போட்டோ புடிப்பானா?"

இதை ரெபேக்காள் யோசிக்கவே இல்லை. படித்த படிப்பில் 'கிராமத்து வழியே நடைப்பயணம்' என்றால் கை தட்டுவார்கள். தெருவில் பல் விளக்குகிறவர்களை யாரும் கேட்டதாக ஞாபகமில்லை. எழுந்து நின்று, "எனக்குத் தெரியலக்கா. என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். பேச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குழுவுல பேசணும். வெள்ளிக்கிழம பேங்க் வேலையா சங்கரங்கோயிலுக்கு வாரோம். அப்படியே உங்க வீட்டுக்கு வந்து சொல்லுதோம்."

எதற்கு வருகிறாள் என்று ரெபேக்காளுக்குத் தெரிந்துவிட்டது. இவள் வீட்டில் எந்தக் கதவு திறக்கிறது என்று பார்க்கத்தான்.

பாய் சொன்ன கெடுவும் அந்த வெள்ளிதான். அம்மாவிடம் சொன்னபோது டீச்சர் நல்ல மனதோடு கேட்டார்: "அத்தனை பேரா? பின்னால முத்தத்துல ஜமுக்காளம் விரிச்சிரட்டுமாட்டி? காத்தோட்டமா இருக்கும்."

"அம்மா" என்றாள் ரெபேக்காள். அவ்வளவுதான் சொன்னாள்.

டீச்சர் முட்டாள் இல்லை. "நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் முன்னறையை இரண்டு தடவை பெருக்கினார். பிஷப் வந்தபோது மட்டும் வெளியே வந்த பூப்போட்ட கப்புகளைக் கண்ணாடி அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தார். ரெபேக்காள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கப்புகள் மேலே ஏறிவிடும்.

பேங்க் பையோடு பேச்சியும் இரண்டு பெண்களும் தெருவுக்குள் வந்தபோது, சர்ச் தெரு ஜன்னல்களில் திரைச்சீலை லேசாக அசைந்தது. காற்று இல்லாத நாள் அது. மூவரும் கேட்டருகே வந்து நின்றார்கள். பேச்சியின் கண் முதலில் போனது வீட்டின் பக்கவாட்டில் இருந்த சந்துக்கு. காத்திருந்தாள். ரெபேக்காள் ஓடுவதற்குள் டீச்சரே இறங்கி கேட்டுக்குப் போய்விட்டார்.

"ஏன் அங்கனயே நிக்கிய? உள்ள வாங்க. வெயில் என்ன கொஞ்சமாவா அடிக்கி?"

செருப்பை முன்வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பேச்சி முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சோபா இருந்தது, நாற்காலிகள் இருந்தன. நேராகப் போய், ஜன்னலோரம் இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரெபேக்காளின் அப்பா போனதிலிருந்து யாரும் உட்காராத நாற்காலி. பாய்கூட அதில் உட்கார மாட்டார். டீச்சரின் வாய் திறந்தது. ரெபேக்காள் ஒரு அடி முன்னால் வைத்தாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டு, போய் அந்த நாற்காலிக்கு மேலே இருந்த மின்விசிறியைப் போட்டார்.

முத்துமாரி தட்டில் காப்பி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நீ குடிக்கலையா?" என்று பேச்சி கேட்டாள்.

"எனக்குப் பின்னால இருக்குக்கா."

ஆணியில் மாட்டிய டம்ளர் முன்னறைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. டீச்சர் எழுந்தார். அலமாரியைத் திறந்து கடைசியாக மிஞ்சியிருந்த கப்பை எடுத்தார். காது உடைந்து ஒட்டவைத்தது. அதில் காப்பியை ஊற்றி, "அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டு உக்காரு. நிக்காத, எனக்குக் கழுத்து வலிக்கி" என்று அதட்டினார். மனசு மாறித்தான் செய்தாரா, வந்தவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது என்று செய்தாரா என்பதில் சர்ச் தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி. முத்துமாரி உட்கார்ந்தாள், ஸ்டூலின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரி.

பேச்சி கப்பைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"தெருவுக்குள்ள போட்டோ கூடாது. வாரவங்க தனியா திரியப் பிடாது, எங்க ஆளு ஒன்னு கூட வரும். காலம்பற பிள்ளைக பள்ளிக்கூடம் போறது வரைக்கும் யாரும் நடக்கப் பிடாது. அப்புறம் அந்தக் குழாய்."

"எடுத்திருதேன்கா" என்றாள் ரெபேக்காள் அவசரமாக.

"எதுக்கு எடுக்கிய? இருக்கட்டும். வாசல்ல வைங்க. பாயும் கழுவட்டும், பட்டணத்துக்காரனும் கழுவட்டும், நாங்களும் கழுவுதோம். புழுதி எல்லார் காலுலயுந்தான் ஒட்டுது."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ரெபேக்காளும் ஆட்டினாள். ஆனால் வருகிறோம் என்ற வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. பாய் மத்தியானத் தொழுகை முடிந்ததும் போன் போடுவார். பேச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"டீச்சர், கோவிச்சிக்கிடாதிய. காப்பியில டிக்காஷன் காணாது. பாலும் கொதி பத்தல. அங்கன அடுப்பு போட்டதும் ஒரு நாளைக்கு வாங்க. நாங்க போட்டுத் தாரோம், குடிச்சிப் பாருங்க."

ரெபேக்காள் உள்ளே ஓடிப்போய் பாய்க்குப் போன் போட்டாள். "மாமா, நல்லகண்ணு அண்ணாச்சிய மம்பட்டிய எடுக்கச் சொல்லுங்க." பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்த மூச்சில், சின்னதாக, முட்டளவு உயரத்தில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வைக்கலாமா என்று கேட்டார்.

முன்னறையில் டீச்சர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"என் காப்பியவா குறை சொல்லிட்டுப் போறா? பிஷப்பே ரெண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடிச்ச காப்பிட்டி!"

முத்துமாரி ஸ்டூலில் இருந்தபடியே தன் கப்பை உறிஞ்சினாள்; புருவம் ஏறியது. டீச்சர் தன் கப்பில் மிச்சமிருந்ததை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். டிக்காஷன் காணத்தான் இல்லை.